கறுப்பு வண்டிக்கு எந்த பாலிஷ்

பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குப் போகிற சாலையில், தென்னந்தோப்புகள் முடிந்து லாரிப் பட்டறைகள் தொடங்குகிற இடத்தில், ஷாஜகான் கார்களுக்கு பாலிஷ் போடும் கடை வைத்திருந்தார். ஷார்ஜாவில் பல வருஷம் அதே வேலையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வயது இன்னும் நாற்பதைத் தொடவில்லை. அதிகம் பேச மாட்டார். பேச வேண்டிய இடத்தில் கையால் எதையாவது செய்து காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவள் துளசிமணி. அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அதனால் குருவை அவள் "தம்பி" என்றுதான் கூப்பிட்டாள். அவர் அவளை "அக்கா" என்றார். அதில் இருவருக்கும் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

சேர்ந்த அன்று ஷாஜகான் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி வண்டி கழுவியிருக்கீங்களாக்கா?"

"தெனமும் கழுவறேனுங்க தம்பி. ஒரே வண்டி. சென்னியப்பண்ணன் வண்டி."

"சம்பளத்துக்கா?"

"சம்பளமா!" துளசிமணி சிரித்துவிட்டாள். "அந்த வண்டியைத் தொடறதுக்கு நானல்ல குடுத்து வெச்சிருக்கோணும்."

பிறகு அந்தக் கதையைச் சொன்னாள்.

அவள் கணவன் நாச்சிமுத்து மரமேறித் தேங்காய் பறிக்கிறவன். சில வருஷத்துக்கு முன்பு ஒரு மழைக்காலத்துச் சாயங்காலம் ஈரமான மரத்திலிருந்து கால் வழுக்கி விழுந்தான். தலையில் ரத்தம். இடுப்பு அசையவில்லை. ஆம்புலன்ஸ் ஆழியாறு பக்கம் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். துளசிமணி ரோட்டின் நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். வந்த வண்டிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. ஒரு கறுப்புக் கார் மட்டும் நின்றது.

இறங்கியவர் விதைக்கடை சென்னியப்பன். புது வண்டி. பானெட்டில் வைத்த சந்தனப்பொட்டு இன்னும் உதிரவில்லை. சீட்டு உறையை அன்றைக்குத்தான் பிரித்திருந்தார். நாச்சிமுத்துவைத் தூக்கி வந்தவர்கள் அந்த வெளுத்த சீட்டையும் சொட்டுகிற ரத்தத்தையும் பார்த்துத் தயங்கினார்கள்.

"சீட்டைக் கழுவிக்கலாம். ஏத்துங்கப்பா" என்றார் சென்னியப்பன்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் அவரே ஓட்டினார். நாச்சிமுத்து பிழைத்தான். ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான். மரம் ஏற முடியாது. ரோட்டோரம் உட்கார்ந்து இளநீர் வெட்டுகிறான். ஆனால் இருக்கிறான். பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வருகிறான். சோறு போட்டால், "உப்பு கம்மி" என்கிறான். துளசிமணிக்கு அந்த "உப்பு கம்மி" போதும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் விடியலில் அவள் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு சென்னியப்பன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எதுக்கு அம்மணி இதெல்லாம்?" என்றார் அவர்.

"இந்த ஒண்ணை மட்டும் வேண்டாம்னு சொல்லிப்போடாதீங்கண்ணா."

அவர் சொல்லவில்லை. அன்று பிடித்த வாளியை அவள் இன்றுவரை கீழே வைக்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்ட ஷாஜகான் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எதாலக்கா தொடைக்கிறீங்க?"

"ஈரிழைத் துண்டுதானுங்க. நல்ல கெட்டித் துண்டு. அழுத்தித் தேய்ச்சா ஒரு சொட்டு அழுக்கு நிக்காது."

ஷாஜகான் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய், பூனைக்குட்டியின் வயிறு போல மெத்தென்று இருந்த துணி ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார்.

"இனிமே அந்த வண்டிய இதால தொடைங்க."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. குரு கொடுத்த துணி நல்ல துணியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு பல வாரங்கள் அவளுக்குக் கழுவுகிற வேலைதான். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலச வேறு வாளி. மேலிருந்து கீழே. வட்டமாகக் கூடாது, நேராக. உள்பக்கத் தூசியை உறிஞ்சுவது, கண்ணாடி துடைப்பது. பாலிஷ் பக்கம் அவர் அவளை விடவில்லை. அவளும் அவசரப்படவில்லை.

ஒரு வியாழக்கிழமை துளசிமணி லீவு கேட்டிருந்தாள். நாச்சிமுத்துவின் காலைக் காட்டக் கோயமுத்தூர் போக வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டாக்டர் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். கணவனை இளநீர்க் கடையில் உட்கார வைத்துவிட்டு, சும்மா வீட்டில் இருப்பானேன் என்று வேலைக்கு வந்துவிட்டாள்.

கடை ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். நடுவில் ஒரு கறுப்பு வண்டி நின்றது. ஷாஜகான் கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றிருந்தார். அவளைக் கண்டதும் விளக்கை அணைத்தார்.

"என்னக்கா, இன்னைக்கு லீவு சொன்னீங்களே?"

"டாக்டர் வரலீங்களாமா தம்பி." அவள் வண்டியைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. "அட, நம்ம வண்டி!"

"ஆமாங்க்கா."

"அண்ணன் மக கல்யாணம் ஞாயித்துக்கெழமை. மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதானாமா. இங்க விடறதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. நல்லவேளை, வந்து சேந்தேன். வெளக்கைப் போடுங்க தம்பி, எங்கெங்க அழுக்கிருக்குதுன்னு பார்ப்போம்."

ஷாஜகான் விளக்கைப் போடவில்லை.

"நீங்க வேணும்னா வெளிய நிக்கிற அந்த வெள்ளை வண்டிய—"

அதற்குள் அவளே எட்டி விளக்கை வாங்கிப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

வெளிச்சம் பானெட்டின் மேல் விழுந்தது. விழுந்த இடத்தைச் சுற்றி, முடியைவிட மெல்லிய கோடுகள். கோடுகள் அல்ல, வட்டங்கள். வட்டத்துக்குள் வட்டம், வட்டத்தின் மேல் வட்டம். பனியில் நனைந்த சிலந்திவலையை வண்டி முழுக்கப் போர்த்தியது போல் இருந்தது. விளக்கை வண்டியின் கூரைக்கு நகர்த்தினாள். அங்கேயும். கதவுகளிலும். கீழே, பம்பருக்கு அடியில், கை எட்டாத ஒரு சாண் இடத்தில் மட்டும் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. கிணற்றுத் தண்ணீர் மாதிரி.

இத்தனை நாளும் விடியல் இருட்டில், போர்ட்டிகோ நிழலில்தான் அவள் அந்த வண்டியைப் பார்த்திருக்கிறாள். ஈரத்தில் அது எப்போதும் மின்னிக்கொண்டுதான் இருந்தது.

அவள் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கை தானாகவே ஒரு வட்டம் சுற்றியது. கீழே இருந்த வட்டத்தின் மேல் அது அச்சாகப் பொருந்தியது.

"தம்பி, இது எதுனால வருது?"

ஷாஜகான் பானெட்டின் மேல் குனிந்தார்.

"தூசியிருக்கிற துணியால அழுத்தித் தொடைச்சா வரும்."

"ஒரு நாள் தொடைச்சா வந்துருமுங்களா?"

"வராது."

"பின்னே?"

"வருஷக்கணக்கா தொடைக்கணும்க்கா."

துளசிமணி ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எம்பட வூட்டுக்காரரு உசிரக் கொண்டாந்து குடுத்த வண்டிங்க தம்பி. இதைப் போயி நானு கீறிட்டு இருந்திருக்கேன். தெனமும். சாமி கும்பிடற மாதிரி வந்து கீறியிருக்கேன்."

பானெட்டின் ஓரத்தில் டேப் ஒட்டி ஷாஜகான் மூன்று சின்னச் சதுரங்கள் பிரித்திருந்தார். எந்த பாலிஷ் போடுவது என்று பார்ப்பதற்கான சோதனை. பக்கத்தில் மூன்று பாட்டில்கள் நின்றன. சிவப்பு மூடி, மஞ்சள் மூடி, வெள்ளை மூடி.

அவள் எழுந்து வந்து சதுரங்களைப் பார்த்தாள். சிவப்பு மூடி பாலிஷ் போட்ட சதுரத்தில் ஒரு வட்டம்கூட இல்லை. மஞ்சளில் பாதி இருந்தது. வெள்ளையில் வட்டங்கள் கண்ணுக்குப் படவில்லை. ஆனால் மூக்கு உரசுமளவு குனிந்து பார்த்தால் ஆழமான ஒன்றிரண்டு உள்ளே படுத்திருந்தன.

"எதைப் போடப் போறீங்க?"

"வெள்ளை."

"செவப்புல சுத்தமாப் போயிருக்குதே?"

"செவப்பு மேல்பூச்சைச் சீவி எடுக்கும். கீறல் இருக்கிற ஆழம் வரைக்கும் சீவும்."

"வெள்ளை?"

"லேசாத் தொடைக்கும். மிச்சக் கீறலுக்குள்ள போய் உக்காந்துக்கும். வெளிச்சம் பட்டா கீறல் தெரியாது."

"அப்ப கீறல் அங்கேயேதான் இருக்குது. மறைக்குது, அவ்வளவுதானுங்களே?"

"ஆமா."

துளசிமணி சிவப்பு மூடி பாட்டிலைத் தொட்டாள்.

"மறைக்கிறது ஏமாத்து இல்லீங்களா தம்பி? நான் பண்ணுன தப்பு. அதை அடியோட எடுத்தாத்தானே எனக்கு மனசு ஆறும்?"

ஷாஜகான் ஷட்டரை மேலே தூக்கிவிட்டு வெளியே போனார். கடைக்குப் பின்னால் பழைய சாமான்கள் கிடந்த இடத்திலிருந்து ஒரு கறுப்பு பானெட்டைத் தூக்கி வந்தார். ஏதோ விபத்தில் போன வண்டியுடையது. இரண்டு டயர்களின் மேல் அதைக் கிடத்தினார். அதிலும் அதே மாதிரி வட்டங்கள். சிவப்பு மூடி பாட்டிலையும் பாலிஷ் மிஷினையும் அவள் கையில் கொடுத்தார். எப்படிப் பிடிப்பது, எந்தப் பொத்தான் என்று காட்டினார்.

"ஒரு வட்டம்கூட இருக்கக் கூடாது. அடியோட எடுங்க" என்றார். முன்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

அவள் எடுத்தாள். முதலில் மிஷின் கையை இழுத்தது. பிறகு படிந்தது. தேய்த்துத் துடைத்து விளக்குப் பிடித்தபோது வட்டங்கள் போயிருந்த இடம் கண்ணாடி போல இருந்தது. அவளுக்கு மூச்சு லேசானது. ஆனால் வெளிச்சத்தைச் சாய்த்தால் இன்னொரு வட்டம் தெரிந்தது. அதையும் எடுத்தாள். விளிம்பு மடிப்பில் ஒன்று மட்டும் போகவே இல்லை. அதன் மேல் அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

கறுப்புக்கு நடுவில் ஒரு வெளுத்த சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. அழுக்கு என்று நினைத்து துணியால் துடைத்தாள். போகவில்லை. கட்டை விரல் அகலத்துக்கு அங்கே நிறமே இல்லை.

மிஷினை நிறுத்தினாள்.

ஷாஜகான் இரண்டு டம்ளர் டீயுடன் வந்தார்.

"வட்டம் போயிருச்சாக்கா?"

"போயிருச்சுங்க."

"எல்லாம்?"

"எல்லாம் போயிருச்சுங்க தம்பி. கறுப்பும் போயிருச்சு."

அவர் ஒரு டம்ளரை அவளிடம் நீட்டினார். இருவரும் நின்றபடியே டீ குடித்தார்கள். குடித்து முடித்ததும் துளசிமணி கை கழுவிவிட்டு வந்தாள். வெள்ளை மூடி பாட்டிலை அவளே எடுத்தாள்.

மிஷின் இல்லை. கையால்தான். மெத்தென்ற ஸ்பாஞ்சில் ஒரு புளியங்கொட்டை அளவு பாலிஷ்.

"அழுத்தாதீங்க."

"அழுத்தலீங்க."

"இன்னும் கம்மியா. குழந்தை நெத்தியில எண்ணெய் தடவற மாதிரி."

அவள் கை வட்டம் போகப் பார்த்தது. நிறுத்தி, நேராக்கினாள். மறுபடி வட்டம் போகப் பார்த்தது. மறுபடி நேராக்கினாள். பானெட், கூரை, பக்கவாட்டு. நாச்சிமுத்துவை ஏற்றிய பின்பக்கக் கதவுக்கு வந்தபோது மட்டும் கொஞ்சம் நின்றாள். பிறகு அதையும் செய்தாள். ஷாஜகான் மறுபக்கத்தை முடித்திருந்தார்.

மதியம் தாண்டி இருவரும் விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள். சிலந்திவலை இல்லை. மேலே எரிந்த ட்யூப்லைட் பானெட்டில் வெள்ளை நூல் பிடித்த மாதிரி நேராக விழுந்திருந்தது.

நாலு மணிக்குச் சென்னியப்பன் வந்தார். மச்சினன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். கல்யாண வேலையில் தொண்டை கட்டியிருந்தது. சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவர் துளசிமணியைக் கண்டதும் நின்றார். சிரிப்பு பாதியில் நின்றது. ஷாஜகான் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க தம்பி, நான் சொல்லியிருந்தேனே. அந்த அம்மணி லீவு போடற நாளாப் பார்த்து..."

சொல்லி முடிக்காமல் நிறுத்தினார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

துளசிமணி அவரைப் பார்த்தாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியுமுங்களாண்ணா?"

"வண்டி ஜோரா வந்திருக்குதே!" என்று சென்னியப்பன் வண்டியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். "புது வண்டியாட்டமே இருக்குது."

"அண்ணா."

அவர் நின்றார்.

"தெரியும் அம்மணி."

"எப்ப இருந்துங்க?"

"மொத சர்வீஸ் விட்டப்பவே சொன்னாங்க. கீறல் விழ ஆரம்பிச்சிருக்குது, யாரோ கெட்டித் துண்டுல தேய்க்கறாங்க, நிறுத்தச் சொல்லுங்கன்னு."

"மொத சர்வீஸுலயா!" "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. ஏனுங்கண்ணா சொல்லலை?"

சென்னியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லலாம்னுதான் ஒரு நாள் காலைல வெளிய வந்தேன். நீ தொடைச்சு முடிச்சுப்போட்டு, பின்னாடிக் கதவைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு நின்னே. நாச்சிமுத்துவை ஏத்துன கதவு. நான் அப்படியே உள்ள திரும்பிட்டேன். வூட்டுல மத்தவங்ககிட்டயும் சொல்லிப்போட்டேன், யாரும் இதைப்பத்தி மூச்சு விடப்படாதுன்னு."

துளசிமணியால் நிமிர முடியவில்லை.

"உங்க வண்டி பாழாப் போச்சுங்களே அண்ணா."

"என்ன பாழாப் போச்சு? ஓடுது. நின்னா நிக்குது. ஏசி போட்டா குளுகுளுன்னு வருது." இப்போது அவர் நிஜமாகவே சிரித்தார். "ஊருல காரு வெச்சிருக்கறவன் எத்தனையோ பேரு இருக்கான். கும்பிடற காரு வெச்சிருக்கறவன் நான் ஒருத்தன்தான் அம்மணி."

அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதுதான் கண்ணில் இத்தனை நேரம் நின்றிருந்தது வழிந்தது.

ஷாஜகான் முன்னால் வந்தார்.

"அண்ணா, ஒண்ணு சொல்லிடறேன். கீறல் போகலை. மறைஞ்சிருக்கு. ரொம்பக் கிட்டப் போய்ப் பார்த்தா தெரியும்."

"மாப்பிள்ளை வூட்டுக்காரங்க யாரு அத்தனை கிட்டப் போயிப் பார்க்கப்போறாங்க தம்பி? போதும்." சென்னியப்பன் சாவியை வாங்கிக்கொண்டார். துளசிமணியிடம் திரும்பினார். "ஞாயித்துக்கெழமை நீயும் நாச்சிமுத்துவும் பஸ்ஸுல கிஸ்ஸுல வந்து நிக்கப்படாது. நானே வந்து கூட்டிட்டுப் போறேன். மண்டபத்து வாசல்ல இந்த வண்டியில இருந்துதான் நீங்க ரெண்டு பேரும் எறங்கோணும்."

"அண்ணா, கல்யாண வூட்டுக்காரரு நீங்க. உங்களுக்கு ஆயிரம் வேலை கெடக்கும்."

"கெடக்கட்டும். நாச்சிமுத்துவை நான் ஒரே ஒருக்காத்தான் வண்டியில ஏத்தியிருக்கேன். அன்னைக்கு அவன் ஒரு வார்த்தை பேசலை. இந்தத் தடவை பேசிட்டு வரட்டும்."

வண்டியில் ஏறியவர் கண்ணாடியை இறக்கினார்.

"நாளைக்குக் காலைல வருவியல்ல அம்மணி?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வண்டி சாலையில் ஏறித் திரும்பியது. எதிரே இருந்த தென்னை மட்டைகளும் மேகமும் பானெட்டின் மேல் ஒரு கணம் விழுந்து, கூரை வழியாக நழுவிப் போயின. அது கண்ணுக்கு மறையும் வரைக்கும் துளசிமணி ஷட்டருக்கு அடியில் நின்றாள்.

பிறகு உள்ளே வந்து துணிகளை அலசிக் காயப்போட்டாள். ஸ்பாஞ்சுகளைப் பிழிந்து வைத்தாள். அந்தப் பழைய பானெட்டைச் சுவரோரம் சாய்த்தாள்.

"தம்பி."

"சொல்லுங்க்கா."

"அந்த வெள்ளை பாலிஷ் எத்தனை நாளைக்கு நிக்கும்?"

"ரொம்ப நாள் நிக்காது. வெயிலும் மழையும் பட்டா கரைஞ்சிரும்."

"கரைஞ்சா வட்டமெல்லாம் மறுபடி தெரியுமுங்களா?"

"தெரியும்."

"அப்ப என்னங்க பண்றது?"

ஷாஜகான் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார். அதை அவள் கையில் வைத்தார்.

"மறுபடியும் பூசறதுதான்க்கா. சலிக்காம."